புலம்பெயர் குடும்பத்து மகளிரும் மண இசைவும்

மகளுக்கு மணம் பேசுங்கால் அவள் வாயினின்று பெறப்படும் ‘ஆம்’ என்னும் ஒரு சொல்லின் மதிப்பு யாது? அச்சொல்லை அவள் தானே மொழிந்தனளா, அன்றிப் பிறர் மொழிவித்தனரா என்பதனை எவர், எவ்வாறு அறிதல் கூடும்? இவ்வினா எந்நாட்டிலும் எழற்குரியதே. ஆயினும், தாய்நாடு நீங்கிப் பிறநாட்டிற் குடியேறிய பெற்றோர்க்கு அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த பெண்மக்கள்திறத்து இவ்வினா மிகுதியும் சிக்கலுடையதாகின்றது. பெற்றோர் ஒரு நாட்டு வழக்கில் வேரூன்றியிருப்ப, மகள் மற்றொரு நாட்டுப் பள்ளியிற் பயில்கின்றாள். இவ்விரண்டனுக்கும் இடையே, எல்லையைக் காக்கும் அரசும் அழையா விருந்தாய் மணப்பேச்சினுள் வந்து அமர்ந்துவிடுகின்றது. தந்தையின் கடுமையையும் மகளின் கண்ணீரையும் பேசுவார் பலர். இம்மூன்றாமவரைப் பேசுவார் சிலரே. அதுபற்றியே யாம் இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

உலகிற் குடியேறிய மக்கள் அனைவரையும் ஒருங்கே பேசப் புகின் ஒருவரைப் பற்றியும் உண்மை கூறமாட்டோம். ஆதலின், இங்கிலாந்திற் குடியேறிய பாகிஸ்தானியக் குடும்பங்களை, அவற்றுள்ளும் மீர்ப்பூர்ப் பகுதியினின்று வந்தோரை, எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவர்களைப் பற்றி நெடுங்காலம் உடனுறைந்து ஆராய்ந்த நூல்கள் உள. நீதிமன்றத் தீர்ப்புகளும் சட்டங்களும் உள. இங்குக் கூறுவன எல்லாப் பாகிஸ்தானியர்க்கும் ஒப்பப் பொருந்துவன அல்ல என்பதனை உடன்மாணாக்கர் நினைவிற் கொள்க.

மீர்ப்பூர் என்பது பாகிஸ்தானின் ஆட்சிக்குட்பட்ட காசுமீரப் பகுதியிலுள்ள ஒரு மாவட்டம். அவ்வூரார் சிலர் வெள்ளையர் கப்பல்களில் நெருப்பறைத் தொழிலாளராய்ச் சென்று பழகியவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தின் வடபகுதி நெசவாலைகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டபொழுது, முன் சென்றவர் கைகாட்டப் பின்னவர் சென்றனர். 1961ஆம் ஆண்டு முதல் 1967 வரை ஜீலம் ஆற்றின்மேல் மங்களா அணை எழுந்தது. அதனால் மீர்ப்பூரின் பழைய நகரும் பல சிற்றூர்களும் நீருள் மூழ்கின. ஏறத்தாழ 1,00,000 மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களுட் பலர் பிராட்போர்டு முதலிய ஆலை நகரங்களை நாடினர். அக்காலத்து வந்தோர் பெரும்பாலும் ஆடவரே. சில ஆண்டு உழைத்துப் பொருளீட்டி ஊர் திரும்புவதே அவர்தம் எண்ணம்.

அவ்வெண்ணத்தை மாற்றியது ஆங்கிலேயர் இயற்றிய ஒரு சட்டமாகும். 1962ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் பொதுநலநாட்டு மக்கள் தாம் விரும்பியவாறு வந்துபோதலைத் தடுத்தது. திரும்பிச் சென்றால் மீண்டும் வருதல் அரிது என்பதனை உணர்ந்த தொழிலாளர் அங்கேயே தங்கினர். காலப்போக்கில் மனைவியரையும் மக்களையும் வருவித்தனர். வருகையைக் குறைக்க எழுந்த சட்டம் குடும்பங்களை நிலையாகக் குடியேற்றியது. நம் பொருளுக்குரிய பெண்மக்கள் இவ்வாறு நிலைத்த இல்லங்களிற் பிறந்தவர்களே.

இனி, அவ்வில்லங்களில் மணம் பேசப்படும் முறையை நோக்குவோம். மணப்பேச்சிற்கு அவர்கள் வழங்கும் சொல் ‘ரிஷ்தா’ என்பது. அச்சொற்கு மணத்தொடர்பு என்னும் பொருளோடு உறவு என்னும் பொதுப்பொருளும் உண்டு. சுற்றத்தாரைப் ‘பிராதரி’ என்பர். குடியின் மானத்தை ‘இஸ்ஸத்’ என்பர். அவர்களிடையே தாய்வழி, தந்தைவழி ஆகிய இருதிறத்து உறவிலும் மணங்கொள்ளுதல் உண்டு. நம்முள் அத்தை மகனும் மாமன் மகளும் முறையாவர்; பெரியப்பன் சிற்றப்பன் மக்களோ உடன்பிறந்தார் போல்வர். அவர்களிடையே அவ்வேறுபாடு இல்லை. இதனை அறியாது படிப்பின், ‘அண்ணன் மகனுக்கு மகளைக் கொடுத்தான்’ என்னும் செய்தியைக் காணுந்தோறும் தமிழ் மாணாக்கர் திடுக்கிடுவர்.

உடன்பிறந்தார் இருவர், ஒருவர் பிராட்போர்டில், மற்றவர் மீர்ப்பூரில். முன்னவர் கடல் கடந்தபொழுது நிலத்தையும் முதிய பெற்றோரையும் காத்தவர் பின்னவர். வழிச்செலவிற்குப் பணம் திரட்டிக் கொடுத்தவரும் அவராகலாம். ஆண்டுகள் கழிகின்றன, இருவர்க்கும் மக்கள் வளர்கின்றனர். ஊரிலுள்ள தங்கை தொலைபேசியில், “அண்ணா, என் மகனுக்கு உன் மகளைத் தருவாயா?” என்று கேட்கின்றாள். இக்கேள்வியில் எத்துணைப் பொருள் அடங்கியுளது! அண்ணன் ‘ஆம்’ எனின் பட்ட கடன் தீரும். பிரிந்த குடி ஒன்றாகும். தங்கையின் மகன் இங்கிலாந்து வருவான். ‘அன்று’ எனின், “செல்வம் வந்ததும் எங்களை மறந்தனன்” என்னும் பழி வரும். ஆக்ஸ்போர்டு நகரப் பாகிஸ்தானியரை ஆராய்ந்த அலிசன் ஷா என்னும் மானிடவியலார், இவ்வுறவு மணங்கள் பழைய வழக்கின் எச்சமென்று மட்டும் கொள்ளத்தக்கன அல்ல என்று காட்டியுள்ளார். கடலால் பிரிந்த உடன்பிறந்தார்க்கிடையே உள்ள கடப்பாடும், குடியேற்றச் சட்டத்தின் நெருக்கடியும் அவற்றைப் பெருக்கின என்பது அவர் ஆய்வாற் பெறப்படும்.

பெற்றோர் பக்கத்து நியாயம் ஒன்றையும் மறைத்தல் கூடாது. கேதரின் சார்ஸ்லி என்னும் மற்றோர் ஆய்வாளர், இப்பெற்றோர் மணத்தை ஓர் அச்சத்திற்குரிய துறையாகக் காண்கின்றனர் என எடுத்துரைக்கின்றார். அயலான் எத்தகையன் என்பதனை எங்ஙனம் அறிவது? குடியனாயின்? அடிப்பவனாயின்? உடன்பிறந்தாள் மகனாயின் அவன் பிறப்பும் வளர்ப்பும் தெரியும். தீங்கு நேரின் கேட்பதற்கு உறவினர் உளர். மகள்மேல் அன்பில்லாமையால் அவளை உறவினுட் கொடுக்கின்றனர் எனச் செய்தித்தாள் வாயிலாகக் கற்றோர் எண்ணுவர். அன்பினாலும் அச்சத்தினாலுமே பலர் அவ்வாறு செய்கின்றனர் என்பதே உண்மைக்கு அணித்து. இவ்வன்பே மகளின் வாயை அடைப்பதாதலும் உண்டு. வெறுப்பவனை எதிர்த்தல் எளிது; தன்பொருட்டு முப்பது ஆண்டு இரவுமுறையில் ஆலையில் நின்ற தந்தையை எதிர்த்தல் எளிதன்று.

இந்நிலையிலேதான் அரசு உள்ளே நுழைகின்றது. 1970களில் ஆலைகள் நலிந்து வேலையின்மை பெருகியபொழுது, குடியேற்றத்தைக் குறைக்கவேண்டும் என்னும் கூக்குரல் அங்கு எழுந்தது. தொழிலாளராய் வரும் வழி ஏறக்குறைய அடைபட்டபின் எஞ்சி நின்ற வழி மணமே. அவ்வழியைக் காவல்செய்த அதிகாரிகள் எத்துணைத் தூரம் சென்றனர் என்பதற்கு ஒன்று கூறுவோம்: 1979ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மணம்புரிதற்பொருட்டு ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய இந்தியப் பெண்ணொருத்தி கன்னிமைச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டாள். செய்தி வெளிப்பட்டு நாடு முழுவதும் நாணியபின் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது.

1980ஆம் ஆண்டு விதிகள் வேறொரு வகையால் மகளிரை நெருக்கின. அந்நாட்டில் உறையும் ஆடவன் வெளிநாட்டு மனைவியை வருவித்தல் எளிதாயிருந்தது. பெண்ணொருத்தி கணவனை வருவித்தலோ அரிதாக்கப்பட்டது. மகனின் மணம் மணமென்றும், மகளின் மணம் குடியேற்றத் தந்திரமென்றும் அரசு கருதியது போலும்! மூன்று பெண்கள் தொடுத்த வழக்கில், 1985ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இவ்வேறுபாடு முறையன்று எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை ஏற்ற அரசு செய்தது யாது? பெண்களுக்குரிய தடையை நீக்காது, அதனை ஆடவர்க்கும் விரித்தது. சமநிலை இவ்வாறும் எய்தப்படும் என்பதனை யாம் இதற்குமுன் அறிந்திலேம்.

இத்தடைகளுள் மிகக் கொடியது ‘முதன்மை நோக்கம்’ எனப்பட்ட விதி. ‘இங்கிலாந்திற் குடிபுகுதல் இம்மணத்தின் முதன்மை நோக்கமன்று’ என்று மணமகன் மெய்ப்பித்தல் வேண்டும். இல்லாத ஒன்றை இல்லையென மெய்ப்பிப்பது எவ்வாறு? மணமகளை அதிகாரிகள் வினவுவர்: அவனை எப்பொழுது கண்டனை? எத்தனை கடிதம் எழுதினை? அவனை இங்கு அழைப்பானேன், நீ அங்குச் சென்று வாழலாகாதா? பெற்றோர் பார்த்து முடித்த மணத்தில், மணத்திற்கு முன்னர்க் காதற் கடிதங்கள் இராமை இயல்பு. அவை இன்மையே பொய்ம்மணத்திற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. தன் இல்லத்தில், ‘எனக்கு இவன் வேண்டா’ எனச் சொல்லியும் கேட்கப்பெறாத பெண் உண்டு. அதிகாரியின் முன், ‘எனக்கு இவனே வேண்டும்’ எனச் சொல்லியும் நம்பப்பெறாத பெண்ணும் உண்டு. இருவர்க்கும் நேர்ந்த குறை ஒன்றே: அவர் சொல் அவர் சொல்லாகக் கொள்ளப்படவில்லை. இவ்விதி 1997ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நீக்கப்பெற்றது.

இசைவு என்பதனை நீதிமன்றங்கள் எவ்வாறு அளந்தன என்பதும் கற்கத்தக்கது. ஈண்டு இரண்டு வழக்குகளை எடுத்துக்கொள்வோம். இவை பாகிஸ்தானியர் வழக்குகள் அல்ல. ஒன்று சீக்கியக் குடும்பத்தது, மற்றொன்று இந்துக் குடும்பத்தது. ஆதலின் இச்சிக்கல் ஒரு சமயத்தார்க்கே உரியதன்று என்பதும் இவற்றாற் புலனாம்.

முதல் வழக்கில் மணமகள் 17 வயதினள். மணமகன் அழகன், கற்றவன் என்று பெற்றோர் கூறினர். பதிவாளர் அலுவலகத்தில் முதன்முதலாக அவனைக் கண்டபொழுது இரண்டும் இல்லாமை கண்டாள். ஆயினும் பெற்றோர்மேல் வைத்த மதிப்பினால் வாய்திறவாது ‘ஆம்’ என்றாள். பின்னர்ச் சமயச் சடங்கிற்கு உடன்படாது விலகி, மணத்தைச் செல்லாதாக்குமாறு வேண்டினாள். 1971இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவள் வேண்டுகோளை மறுத்தது. உயிர்க்கோ உடலுக்கோ உரிமைக்கோ உடனே தீங்கு நேரும் என்னும் அச்சம் இருந்தாலன்றி இசைவு கெட்டதெனக் கொள்ளலாகாது. பெற்றோர்க்கு அடங்குதல் அச்சமாகாது என்பது அத்தீர்ப்பின் கருத்து.

இரண்டாம் வழக்கு 1980களின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. மணமகள் 19 வயதினள். எம்மோடு ஒத்த அகவையள். அவள் இஸ்லாமிய இளைஞன் ஒருவனோடு பழகுவதை அறிந்த பெற்றோர், தம் குலத்து ஆடவன் ஒருவனை விரைந்து வரைந்தனர். அவனை அவளும் கண்டிலள்; அவள் பெற்றோரும் முன்னர்க் கண்டிலர். “அவனை மணந்துகொள், இன்றேல் உன் பொருள்களை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறு” என்பதே அவளுக்குக் கூறப்பட்டது. கைப்பொருளும் இல்லை, போக்கிடமும் இல்லை. மணந்தாள், ஆறு வாரம் கழித்து நீங்கினாள். இம்முறை நீதிமன்றம் வேறு வினா எழுப்பிற்று. உயிர்க்கு அச்சம் இருந்ததா என்பதன்று; செய்யப்பட்ட நெருக்கம், எவ்வகையதாயினும், இப்பெண்ணின் இசைவை மெய்ம்மையற்றதாக்கி, அவள் உளத்தை மேற்கொண்டதா என்பதே வினா. மணம் செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. பொதுவாய் ஒருவர் அஞ்சுதற்கு உரியது யாது என்று வினவாமல், இவள், இந்நிலையில், இவ்வகவையில் எவ்வாறு இருந்தனள் என வினவியமையே இத்தீர்ப்பின் பெருமை. யாம் இவ்வாராய்ச்சியிற் கண்டவற்றுள் இதனையே மிக உயர்ந்ததாகக் கருதுகின்றோம்.

பெற்றோர் இசைவின்றி மணத்தலைப் பெருங்குற்றமாகக் கருதுதல் கீழ்நாட்டார்க்கே உரியதென ஆங்கிலேயருட் சிலர் பேசுவதுண்டு. அவர்கள் தம் வரலாற்றைத் திருப்பிப் பார்த்தல் நன்று. 1753ஆம் ஆண்டு ஹார்டுவிக் பிரபு கொணர்ந்த மணச்சட்டத்தின்படி, 21 வயது நிரம்பாதார் தனி உரிமத்தின் வாயிலாக மணப்பதற்குப் பெற்றோர் இசைவு வேண்டற்பாலதாயிற்று. கோயிலில் ஓலை வாசிக்குங்கால் பெற்றோர் எழுந்து மறுப்பின் அவ்வோலையும் பயனற்றதாயிற்று. அதனால் காதலர் பலர் அச்சட்டம் செல்லாத ஸ்காட்லாந்திற்கு ஓடினர். எல்லை கடந்தவுடன் எதிர்ப்படும் கிரெட்னா கிரீன் என்னும் சிற்றூர் அங்ஙனமே பெயர் பெற்றது. அகத்திணை பயிலும் நாம் உடன்போக்கிற்கு மேல்நாட்டு எடுத்துக்காட்டு வேண்டின் தொலைவிற் செல்லவேண்டுவதில்லை.

மணம் முடிந்து கணவன் வந்து சேர்ந்தபின் நிகழ்வன பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். பெண் கணவன் இல்லம் புகுதலே பஞ்சாபிலும் மீர்ப்பூரிலும் வழக்கு. கணவன் கடல்கடந்து வருங்கால் அவ்வழக்கு தலைகீழாகின்றது. அவன் மாமனார் இல்லத்தே தங்கும் வீட்டோடு மாப்பிள்ளை ஆகின்றான். அவ்வூர் மொழி அவனுக்கு வாராது. பட்டம் பெற்றவனும் கிடைத்த கூலிவேலைக்குச் செல்கின்றான். வங்கியிலும் மருத்துவமனையிலும் மனைவியே அவனுக்காகப் பேசுகின்றாள். உற்றாரும் உடனில்லை. சார்ஸ்லி இத்தகைய கணவன்மாரின் துயரைத் தனியே எடுத்து எழுதியிருக்கின்றார். தாழ்வுற்றதாக எண்ணும் ஆடவன் அத்தாழ்வை மனைவிமேற் காட்டித் தீர்த்தலும் உண்டு. ஆகவே மகளுக்குக் காப்பென்று எண்ணி உறவிற் கொடுத்த மணமே சிற்சில இடங்களில் காப்பின்மைக்குக் காரணமாயிற்று. இதனைக் கண்டு வளர்ந்த தங்கையர், தமக்கையர்க்கு நேர்ந்ததைத் தமக்கு நேராமற் காக்க முயன்றனர்.

அம்முயற்சிக்கு அவர்கள் கைக்கொண்ட கருவிகள் இரண்டு. ஒன்று படிப்பு. ‘மணம் வேண்டா’ எனச் சொல்லும் மகள் குடிப்பழி தேடுபவள். ‘படித்து முடித்தபின் மணம்’ எனச் சொல்லும் மகள் குடிப்பெருமை தேடுபவள். மறுப்பு ஒன்றே, ஆயினும் பின்னது செவிக்கு இனிது. பள்ளியிறுதி முடிந்ததும் கல்லூரி, கல்லூரி முடிந்ததும் பயிற்சி, பயிற்சி முடிந்ததும் வேலை என ஆண்டுகள் நீள்கின்றன. 17 வயதில் ‘ஆம்’ என்பதற்கும், தன் ஊதியத்தில் நின்று 24 வயதில் ‘ஆம்’ என்பதற்கும் பெரிதும் வேற்றுமை உண்டு. பட்டம் பெற்ற மகளுக்கு நல்ல ரிஷ்தா வரும் என்னும் நம்பிக்கையால் பெற்றோரும் இதற்கு உடன்படுகின்றனர். இவ்வழியும் முள்ளில்லாததன்று, படிப்பும் அகவையும் மிகின், ‘இவளுக்கு ஒத்தவன் எங்கே?’ என்னும் கவலை வீட்டிற் புகுகின்றது.

மற்றொரு கருவி சமயம். இது வெளியார் எதிர்பாராதது. ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற மகள் சமயத்தைத் துறந்து உரிமை தேடுவாள் என்றே அவர்கள் எண்ணினர். பலரோ இஸ்லாமிய நூல்களைத் தாமே கற்று, “மணமகளின் இசைவின்றி நிக்காஹ் இல்லை; பிராதரி பார்த்து மணத்தல் மார்க்கக் கட்டளையன்று, ஊர் வழக்கே” எனத் தந்தையர்க்கு எடுத்துரைத்தனர். எழுத்தறியாத் தந்தை, வேதங் கற்ற மகளின் முன் யாது கூறுவார்? குலம் வேறாயினும் மார்க்கத்தால் ஒன்றிய ஒருவனை மணக்க இடந்தருமாறு கேட்டு வென்றவரும் உளர். கன்னிப்பெண் நாணத்தாற் பேசாதிருப்பின் அவள் மௌனமே இசைவாகும் என்னும் மரபும் அங்கு உண்டு. மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்று நம்மவரும் கூறுவர். வழக்கின் நுட்பமெல்லாம் அம்மௌனத்திலேதான் அடங்கியிருக்கின்றது. நாணத்தால் எழுந்த மௌனமும் அச்சத்தால் எழுந்த மௌனமும் அறையின் மறுபக்கத்திலிருந்து கேட்பார்க்கு ஒன்றுபோலவே இருக்கும்.

இவ்விடத்தில் ஒன்று நினைவிற்கு வருகின்றது. அகத்துறைகளுள் அறத்தொடு நிலை என்பது, தலைவியின் உள்ளத்தைத் தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் படிப்படியாக உணர்த்துவதாம். நொதுமலர் வரைவு நேர்ந்துழி அது விரைவுபடும். சொல்ல இயலாத ஒன்றைச் சொல்லுதற்கு இடையில் ஆட்கள் வேண்டும் என்பதனை அப்புலவர் உணர்ந்திருந்தனர். குடியேறிய இல்லங்களிலும் மணமான தமக்கையோ, சிறிய தாயோ, மகளின் சொல்லைத் தந்தைக்குக் கொண்டுசெல்லும் இடங்களில் பெரும்பாலும் பூசலின்றி முடிகின்றது. அத்தகையார் ஒருவரும் இல்லாத இடத்தேதான் ஆசிரியரும் மருத்துவரும் காவலரும் தேவைப்படுகின்றனர்.

அதுவே வல்மணத்தின் நிலைமை. பெற்றோர் பார்த்து முடிக்கும் மணம் வேறு, வலிந்து முடிக்கும் மணம் வேறு. முன்னதில் மறுக்கும் உரிமை மணமக்களுக்கு உண்டு, பின்னதில் இல்லை. இரண்டனையும் ஒன்றாக்கிப் பேசுதல் பெரும்பிழை. வல்மணத்தைக் குறித்து அரசு அமைத்த குழு 2000ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. பெற்றோரையும் மகளையும் ஒருங்கிருத்திச் சமாதானம் பேசும் முறையையும் ஒரு வழியாக அக்குழு ஏற்றது; அதனை ஒவ்வாது, 1979 முதல் மகளிர்க்குத் துணைநின்ற ‘சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ்’ என்னும் சங்கத்தார் குழுவினின்று விலகினர். அச்சத்தால் வீட்டை விட்டு ஓடிவந்தவளைத் திரும்பவும் அவ்வீட்டாரோடு இருத்திப் பேசுவித்தல் தீங்காய் முடியும் என்பது அவர் கருத்து. யாமும் அவர் பக்கமே நிற்கின்றோம். முற்கூறிய இடையாள் மகளின் சொல்லைச் சுமந்து செல்பவள். சமாதானம் பேசுபவரோ இருபக்கச் சொல்லையும் நிறுத்துப் பங்கிடுபவர்.

2005ஆம் ஆண்டில் வல்மணத் தடுப்புப் பிரிவு ஒன்று அரசினால் நிறுவப்பட்டது. 2012ஆம் ஆண்டில் மட்டும் அப்பிரிவு 1,485 பேர் திறத்து அறிவுரையோ உதவியோ வழங்கியது. அவர்களுள் நூற்றுக்கு 82 பேர் மகளிர், 18 பேர் ஆடவர். ஆடவரும் வலிந்து மணம் செய்விக்கப்படுகின்றனர் என்பது இவ்வெண்ணாற் பெறப்படும். கோடை விடுமுறையில் ‘பாட்டியைக் காண’ அழைத்துச் செல்லப்பட்டு அங்கே மணம் முடிக்கப்படுவோர் பலர். ‘கர்மா நிர்வாணா’ என்னும் உதவிச் சங்கத்தார், உதவி கோரிய பெண்களுக்கு ஒரு சூழ்ச்சி கற்பித்தனர்: உள்ளாடையில் ஒரு கரண்டியை மறைத்துக்கொள்க; விமான நிலையத்துச் சோதனைப் பொறி ஒலிக்கும்; அதிகாரிகள் தனியே அழைப்பர்; பெற்றோர் இல்லாத அவ்விடத்தில் உண்மையைச் சொல்லுக. தனித்துப் பேசுதற்கு இரண்டு நிமிடமும் ஒரு கரண்டியும் வேண்டியிருந்தன.

சட்டங்கள் இரு திறத்தன. 2007ஆம் ஆண்டுச் சட்டம், 2008 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. நீதிமன்றம் காப்பு ஆணை பிறப்பிக்கலாம், பெண்ணின் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் செய்யலாம், வெளிநாட்டிற்குக் கொண்டுபோதலைத் தடுக்கலாம். எவரும் அவ்வளவில் சிறை செல்வதில்லை. ஆணையை மீறினாலே தண்டனை. 2014ஆம் ஆண்டுச் சட்டமோ வல்மணம் செய்வித்தலையே ஏழாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கிற்று. மகளை ஏமாற்றிப் பாகிஸ்தானுக்குக் கொண்டுசென்று மணம் செய்வித்த தாயொருத்திக்கு 2018ஆம் ஆண்டு பர்மிங்காமில் நாலரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. குற்றமாக்கின் பெண்கள் முறையிட அஞ்சுவர் என்று முன்னரே பலர் எச்சரித்தனர். தான் காக்கப்படவேண்டும் என விரும்பும் மகள், தாய் சிறைப்படவேண்டும் என விரும்புவாள் என்பது எங்ஙனம் துணியப்படும்? ஆயினும் சட்டமின்மையைப் பெற்றோர் உரிமையாகக் கொண்டனர் என்பதும் பொய்யன்று. இவ்விரண்டனுள் முன்னைய சட்டமே பெண்ணின் உள்ளத்திற்கு அணுக்கமானது என்பது எம் துணிபு.

காப்பென்னும் பெயரால் வந்து வேறு வேலை செய்த விதிகளும் உள. டென்மார்க்கு அரசு 2002இல், வெளிநாட்டுத் துணைவரை வருவிக்க இருவர்க்கும் 24 வயது நிரம்பவேண்டும் என்று விதித்தது. இளமணத்தினின்று பெண்களைக் காப்பதே நோக்கம் என்றனர். மணந்தவர் பலர் பாலத்தைக் கடந்து சுவீடனின் மால்மோ நகரிற் சென்று குடியிருந்தனர். இங்கிலாந்தும் 2008இல் 18 என்றிருந்த அகவையை 21 ஆக்கிற்று. அதனால் வழக்காடியவருள், தாமே விரும்பி மணந்த ஓர் ஆங்கிலப் பெண்ணும் சிலி நாட்டு இளைஞனும் இருந்தனர். கணவனைப் பிரியலாற்றாது அவள் தனக்குக் கிடைத்த கல்லூரி இடத்தையும் துறந்து நாட்டை விட்டு வெளியேறினாள். 2011ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 12ஆம் நாள் உச்ச நீதிமன்றம், வல்மணத்தைத் தடுக்க இவ்விதி பயன்பட்டது என்பதற்குப் போதிய சான்றில்லை. குற்றமற்றோர் பலரை இது வருத்துகின்றது எனக் கூறி அவர் சார்பாகத் தீர்த்தது. அகவை மீண்டும் 18 ஆயிற்று.

அடுத்த ஆண்டே வேறொரு தடை எழுந்தது. துணைவரை வருவிப்பவர்க்கு ஆண்டு வருவாய் 18,600 பவுன் இருத்தல் வேண்டும் என 2012 ஜூலையில் விதிக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் அது 29,000 பவுனாயிற்று. குறைந்த ஊதியத்தில் உழைக்கும் இளம்பெண்ணுக்கு இது பெருமலை. ஊரிலுள்ள மாமன் மகனை மணத்தற்கு விரும்பாதவள் இவ்விதியைக் கைகாட்டித் தப்புவாள். விரும்புபவளோ ஆண்டுக்கணக்கில் பிரிந்திருப்பாள். அகவை பற்றிய விதிகளுள் 2023 பிப்ரவரி முதல் நடைபெறுவது யாதொரு மறைவும் இல்லாதது: இங்கிலாந்திலும் வேல்சிலும் 18 நிரம்பாத எவரும், பெற்றோர் இசைந்தாலும், மணத்தலாகாது. குடியேறியோர்க்கும் பழங்குடியினர்க்கும் ஒன்றாகவே அது விதிக்கப்பட்டது.

இவ்வனைத்தின் நடுவே மகளிர் துணிபு எவ்வாறு மாறிவருகின்றது என்பதற்குப் பிராட்போர்டு நகரத்து ஆய்வொன்று சான்றாகும். 2007 முதல் அந்நகரிற் பிறந்த பல்லாயிரம் மகவுகளையும் அவர்தம் தாய்மாரையும் பதிந்து தொடரும் பேராய்வு அது. நகரின் உட்பகுதி வட்டாரங்கள் மூன்றில் வாழும் பாகிஸ்தானிய மரபினராகிய தாய்மாருள், உறவின்முறையில் மணந்தோர் நூற்றுக்கு 62 ஆக இருந்தது, ஏறத்தாழப் பத்தாண்டிற்குள் 46 ஆகக் குறைந்தது என 2023இல் வெளிவந்தது. இங்கிலாந்திலேயே பிறந்த தாய்மாரிடையே இக்குறைவு இன்னும் மிகுதி. மகப்பேற்றில் நேரும் பரம்பரை நோய்களைப் பற்றிய அறிவு, நெடிது கற்றல், குடும்பப் பேச்சின் மாற்றம், குடியேற்ற விதிகள் என்பன காரணமாகக் கூறப்படுகின்றன. இவற்றுள் எது எத்துணை என்பதனை எவரும் பிரித்து அளந்திலர். எனினும் 46 என்பது சிறிய எண்ணன்று. உறவிற் கொள்ளுதலை விரும்பியே கொள்வோர் இன்னும் பலர் உளர் என்பதனையும் அது காட்டுகின்றது. அவர்தம் ‘ஆம்’ என்பதனையும் மெய்யெனக் கொள்ளக் கற்றல் வேண்டும்.

அவ்வாய்வில் முதற்கண் பதியப்பெற்ற பெண்மகவுகளுள் மூத்தோர் இப்பொழுது பதினெட்டு ஆண்டு நிரம்பிக் கல்லூரி வாயிலை அடைந்துள்ளனர். அவர்தம் அன்னையருட் பலர், ஊரினின்று கணவனை வருவித்தவர். அல்லது ஊரினின்று தாமே மணமகளாய் வந்தவர். அவர்கள் இல்லங்களில் ரிஷ்தாவைப் பற்றிய பேச்சு தொடங்கும் காலம் இது. கேட்கும் இடத்தில் இம்முறை அமர்ந்திருப்பவர் அவ்வன்னையரே.